அருந்ததி டீச்சரின் சத்தம் போடும் கார்

தொண்ணூற்றேழாம் ஆண்டு, யுத்தகாலக் கொழும்பில், வெள்ளவத்தையில் கலியாண வீட்டுக்காரர்கூடச் சீனவெடி கொளுத்த யோசித்தார்கள். ஒரு கதவு காற்றில் அடித்துச் சாத்தினாலும் பக்கத்து வீட்டு யன்னல் திறக்கும். அப்படியான காலத்தில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், அருந்ததியின் சிவப்புக் கார் துவக்குச் சூடு போல வெடித்துக்கொண்டே வீடு வந்து சேரும்.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்காவிட்டாலும் அவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கார் ஓட்டப் பழக்குகிறவள். பிறந்தது கொட்டாஞ்சேனையில். தகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். மகளுக்கு நகை சேர்ப்பதை விட்டுவிட்டு, கூட்டாளி ஒருவரின் மொரிஸ் மைனரைக் கேட்டு வாங்கி அவளுக்குக் கார் பழக்கினார். அந்தப் பழக்கமே பிறகு தொழிலானது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் சேலை கட்டிய பெண்கள் பலர் ஸ்டியரிங் பிடித்தது அவளால்தான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, தமிழர் வீடுகளை எரித்த ஆடிக் கலவரத்தில் அவளுடைய முதற் காரை, 'எல்' பலகையோடு, வாசலில் வைத்துக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களில் ஒருவன் அவளிடம் ஓட்டப் பழகியவன். "கியர் மாத்தவே வராது அவனுக்கு. நெருப்புப் பெட்டி மட்டும் நல்லா உரசினான்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கி யாரும் கண்டதில்லை. முகம் மட்டும் சிவந்து போகும். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் தரம் கேட்டதுமில்லை.

கலவரத்துக்குப் பிறகு இன்னொரு பழைய காரை வாங்கித் தொழிலைத் தொடர்ந்தாள். அவளுடைய வேலை வாழ்க்கையெல்லாம், மற்றவர்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இவள் பக்கத்து ஸீட்டில் இருந்து, தனக்கென்று பூட்டிய இன்னொரு பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு, இரண்டாம் கியரில் கொழும்பைச் சுற்றுவதாகவே போனது. ஆகவே மெல்பேணுக்குப் போகத் தயாரான ஒரு பறங்கிக்காரர் கல்கிசையில் தன் பழைய எம்.ஜி. காரை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டதும் போய்ப் பார்த்தாள். இரண்டே ஸீட். மேலே துணிக் கூரை. நீளமான மூக்கு. ஏறி இருந்தால் ரோட்டில் குந்தியிருப்பது போல. பக்கத்து ஸீட்டில் பிரேக் இல்லை. "இது எனக்கு மட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதல் மாதம் கார் குதிரை மாதிரி ஓடியது. பிறகு சேர்விஸுக்கு விட்ட இடத்தில் விளக்குப் பிடித்துப் பொறி அடிக்கும் நேரத்தைச் சரிபார்த்து வைத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு இழுவை குறைந்தது. தெஹிவளை ஏற்றத்தில் பஸ்கள் அவளை முந்திக்கொண்டு போயின. எஞ்சின் சூடேறிப் பொனட்டின் மேல் கை வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் புகைக்குழாயில் 'டுமீல்' என்று வெடிக்கும்.

நுகேகொடையில் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டாள். மூன்று பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். காருக்கு என்ன செய்கிறது என்று அவளிடம் கேட்காமல், "வீட்டில் ஐயா இல்லையா?" என்று கேட்டார்கள். பிளக்கை மாற்றினார்கள். பொயின்டை மாற்றினார்கள். கண்டென்சரை மாற்றினார்கள். கார் வெடித்துக்கொண்டேதான் இருந்தது. கராஜின் முதலாளி, பொறி அடிக்கும் நேரத்தை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்துக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பியபோது மட்டும் எஞ்சின் சத்தம் மாறியது. தொண்டை அடைத்தவன் செருமிவிட்டுப் பேசுகிற மாதிரி.

"அதுதான்! அப்படியே விடுங்கள்" என்றாள் அருந்ததி சிங்களத்தில்.

முதலாளி டைமிங் லைட்டை எடுத்துப் பிடித்தார். பிளக்கில் பொறி அடிக்கிற ஒவ்வொரு தரமும் அந்த விளக்கு மின்னும். எஞ்சினின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. மின்னும் வெளிச்சத்தில் அந்த வெட்டு, எதிரே உள்ள கோட்டுக்கு நேராக நிற்பதுபோலத் தெரிந்தால் பொறி சரியான நேரத்தில் அடிக்கிறது என்று அர்த்தம். வெட்டு கோட்டை விட்டு எங்கேயோ தள்ளி நின்றது.

"பாருங்கள் நோனா. உங்கள் காதை நம்பவா, விளக்கை நம்பவா?" என்று கேட்டுவிட்டு அவர் டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்கே திருப்பி இறுக்கினார். கார் மறுபடி இருமத் தொடங்கியது. "பழைய சாமான் அப்படித்தான். வித்துப்போட்டு ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்குங்கள். பெண்பிள்ளைக்கு அது போதும்."

அவள் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஆளோடு மனசுக்குள் சண்டை போட்டாள். ஒழுங்கைக்குள் திரும்பும்போது கார் தன் வழக்கப்படி வெடித்தது. மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சிவபாதசுந்தரம் வாசலில் நின்றார். காணி அளக்கும் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர்.

"பிள்ளை, இந்தக் காரை வித்துப்போடும்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "போன கிழமையும் ஆமிக்காரங்கள் ரவுண்டப்புக்கு வந்தவங்கள். இஞ்ச இருக்கிற பெடி பெட்டையளையெல்லாம் ஏத்திக்கொண்டு போனவங்கள். உம்மட சத்தத்தால ஏன் வீணா எங்களுக்கும் கரைச்சல்?"

"அண்ணை, முந்தநாள் சந்தியில தண்ணி லொறி ரயர் வெடிச்சது. லொறிக்காரனிட்டப் போய் லொறியை வில் எண்டு சொன்னீங்களோ?"

"அவன் சிங்களவன், பிள்ளை."

"அதைத்தான் கேக்கிறன்! அவன்ர ரயர் வெடிச்சா ரயர். என்ர கார் வெடிச்சா குண்டோ? அதை அவங்கள் சொல்லட்டும். நீங்களும் ஏன் சொல்லுறீங்கள்?"

சிவபாதசுந்தரம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சத்தம் வராமல்தான் சாத்தினார்.

இனி எவனிடமும் கொண்டுபோவதில்லை, தானே பார்ப்பது என்று அருந்ததி முடிவெடுத்தது அன்றைக்குத்தான். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஸவாஹிர் அவளுக்குப் பழைய பழக்கம்; அவருடைய இரண்டு மகள்மாரும் அவளிடம் கார் பழகியவர்கள். அவர் தன்னுடைய டைமிங் லைட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். துவக்குப் பிடி போலப் பிடி, முன்னால் கண்ணாடி, பின்னால் இரண்டு வயர், நுனியில் பெற்றரியைக் கவ்வும் கிளிப்.

"ஒழுங்காப் பாத்துப் புடிங்க டீச்சர். நல்ல சாமான். இப்ப இப்பிடி எடுக்கேலா."

"புதன்கிழமைக்குள்ள கொண்டுவந்து தாறன், ஸவாஹிர் நானா."

அவள் வீட்டு வாசலில் பொனட்டைத் திறந்து விளக்கைப் பிடித்தாள். வெட்டு கோட்டுக்கு நேரே, அசையாமல், சொல்லிவைத்த மாதிரி நின்றது. விளக்கின்படி எல்லாம் சரி. கார் மட்டும் பிழை. எங்கே பிழை என்று அவளுக்கு விளங்கவில்லை. ரோட்டில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று விளக்கையும் நட்டுக் கழற்றும் சாவிகளையும் ஒரு துணிப்பையில் போட்டுப் பக்கத்து ஸீட்டில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தடியில் சோதனைச் சாவடி. மணல் மூட்டைகளுக்கு முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. அவள் காலை எடுத்து வேகத்தைக் குறைத்தாள். கார் வெடித்தது. அன்றைக்கு வெடித்த மாதிரி அது அதற்கு முன் வெடித்ததில்லை.

ரோட்டில் நின்ற சனமெல்லாம் நிலத்தில் விழுந்தது. பஸ்ஸுக்குள் ஒரு பிள்ளை வீரிட்டது. மூட்டைக்குப் பின்னாலிருந்து துவக்குகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். துணிக் கூரை போட்ட, நிலத்தோடு நிலமாக இருக்கிற அந்தக் காரிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது நடக்கிற காரியமில்லை. அவள் ஒரு கையால் கதவைப் பிடிக்கப் போக, "கையைத் தூக்கு!" என்று ஒரு சிப்பாய் கத்தினான். மீசை முளைக்காத முகம்.

"தூக்கிக்கொண்டு எப்படி இறங்குறது? நீ இறங்கிக் காட்டு!" என்று அவளும் சிங்களத்தில் கத்தினாள். கடைசியில் முழங்கால் ரோட்டில் இடிபட விழுந்துதான் இறங்கினாள். சேலை கிழிந்தது. அவளுக்கு நோகவில்லை, கோபம்தான் வந்தது.

"என்ன வெடித்தது?"

"கார்தான். டைமிங் சரியில்லை. அதுதான் வெடிக்குது."

அவள் சொன்னது உண்மை. ஆனால் அந்த ஆண்டில், அந்த ரோட்டில், ஒரு தமிழ்ப் பெண் 'டைமிங்' என்ற சொல்லையும் 'வெடிக்குது' என்ற சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கக் கூடாது. சிப்பாய் இரண்டடி பின்வாங்கினான். வேறொருவன் துணிப்பையை ஒரு கம்பியால் கவிழ்த்தான். துவக்குப் பிடியும் வயரும் கிளிப்பும் ரோட்டில் விழுந்தன. சனத்தைத் துரத்தினார்கள். கடைகளை மூடினார்கள். அவளுடைய கைகளைப் பின்னால் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸ் நிலையத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் கேட்டார். மரியாதையாகத்தான் தொடங்கினார்.

"மிஸ், இந்த டைமரை யார் தந்தது?"

"டைமர் இல்லை. டைமிங் லைட். காருக்குப் பிடிச்சுப் பார்க்கிறது."

"பெண்கள் இதைப் பிடிச்சுப் பார்க்கிறதில்லையே."

"பிடிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கோ? இருந்தால் காட்டுங்கள், வாசிக்கிறேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும்."

"யாழ்ப்பாணத்தில் யார் இருக்கிறார்கள்?"

"எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தரும் இல்லை. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். உங்கள் மேசையில் கிடக்கிற என் அடையாள அட்டையிலும் அதுதான் எழுதியிருக்கு."

"அட்டையில் எதையும் எழுதலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த ஒரு வசனம்தான் அவளுக்குள் போய்த் தைத்தது. அடித்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திராது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டின மனிதனுக்குப் பிறந்து, இந்த ஊரின் ஒவ்வொரு சந்தியிலும் ஆட்களுக்குக் கை காட்டிக் கார் திருப்பப் பழக்கியவள், தான் இந்த ஊர்க்காரிதான் என்று யாரோ ஒருவரிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், "லைட்டை ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உங்கள் ஜீப்பைத் திருத்திறவனிடமே காட்டுங்கள்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் காட்டவில்லை. பெண்களை அடைத்து வைக்கும் அறையில், ரவுண்டப்பில் பிடிபட்ட மலையகப் பிள்ளைகள் சிலரோடு இரவைக் கழித்தாள். வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைகள். அவர்கள் அழுதார்கள். இவள் அவர்களுக்காகவும் சேர்த்துப் பொலிஸ்காரரை ஏசினாள்.

மறுநாள் ஸவாஹிர் வந்தார். யாரும் கூப்பிட்டு வரவில்லை. பஞ்சிகாவத்தையில் கதை பரவி, தானாக வந்தார். அந்த விளக்கு தன்னுடையது, தன் கடையிலிருந்து போனது என்று சொன்னார். அப்படிச் சொல்ல வருகிறவர்கள் அந்தக் காலத்தில் அபூர்வம். அவருக்குக் கிடைத்த பலன், அவருடைய கடையையும் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்ததுதான். பின்னேரம் ஆனபோது, ஒன்றும் அகப்படாததால், அருந்ததியைப் போகச் சொன்னார்கள். பிழைபட்டுவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. விளக்கையும் கொடுக்கவில்லை. "அது விசாரணையில் இருக்கு" என்றார்கள்.

"நானா, உங்களுக்கும் கரைச்சல் தந்திட்டன்" என்றாள் வெளியே வந்து.

"அத வுடுங்க டீச்சர். என்ட சாமான என்ட சாமான்டு சொல்லியதுக்கு என்ன பயம்? வூட்டுக்குப் பெய்த்து மொதல்ல குளிங்க."

கார் பொலிஸ் வளவில் நின்றது. ஸீட்டுகளைக் கத்தியால் கிழித்துப் பஞ்சைப் பிடுங்கியிருந்தார்கள். துணிக் கூரை தொங்கியது. எஞ்சினில் எதையோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தோ என்னவோ, வருஷக்கணக்கில் படிந்திருந்த எண்ணெய் அழுக்கை மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டித் துடைத்திருந்தார்கள். ஸவாஹிரின் வான் வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் சேதத்தைப் பார்ப்பதற்காகப் பொனட்டைத் திறந்து குனிந்தவள், பெல்ட் ஓடும் சக்கரத்தைக் கண்டாள். இதுவரை கறுப்பு அழுக்குக் கட்டியாகவே பார்த்த சாமான். இப்போது துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அது ஒரே இரும்பில்லை. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையில் அதிர்ச்சியைத் தாங்க ஒட்டிய றப்பர். அந்த றப்பர் வெடித்து, பிதுங்கி, பல்லில்லாத வாயின் முரசுச் சதை போல வெளியே தெரிந்தது.

அருந்ததி அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டாள். வெட்டு இருப்பது வெளி வளையத்தில். உள்ளே இருக்கிற குடம்தான் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. றப்பர் விட்டுப் போய் வளையம் வழுக்கியிருந்தால்? விளக்கு பொய் சொல்லவில்லை. வெட்டுத்தான் வேறு இடத்தில் நிற்கிறது. எல்லாரும் அந்த வெட்டை நம்பி, சரியாக இருந்த எஞ்சினைப் பிழையாக்கியிருக்கிறார்கள். அவளும் அதை நம்பித்தான் இருந்தாள்.

சந்தேகத்தோடு விடுகிற ஆளில்லை அவள். முதலாவது பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஒரு மெல்லிய பிரம்புக் குச்சியை விட்டாள். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினாள். உள்ளே பிஸ்டன் ஏற, குச்சி மேலே வந்தது, உச்சியில் நின்றது, பிறகு இறங்கியது. உச்சியில் கொஞ்ச நேரம் அசையாமலே நின்றதால், முன்னும் பின்னுமாகச் சுற்றி, இறங்கத் தொடங்கும் இரண்டு இடத்துக்கும் நடுவைப் பிடித்தாள். பிஸ்டன் உச்சியில் இருந்தது. வெட்டு இன்னும் கோட்டுக்கு வந்து சேரவில்லை, இரண்டு விரல் அகலம் பிந்தி நின்றது. வெட்டைப் பார்த்து வைத்ததால் பொறி அவ்வளவும் பிந்தி அடித்திருக்கிறது. சிலிண்டருக்குள் எரிய வேண்டியது புகைக்குழாய்க்குள் போய் எரிந்திருக்கிறது.

மேலும் ஒரு நிச்சயத்துக்காக, தன் நகப்பூச்சை எடுத்து வந்து குடத்திலிருந்து வளையம் வரை ஒரே கோடாகக் கீறினாள். டிஸ்ட்ரிபியூட்டரை இந்த முறை காதை வைத்துத் திருப்பி இறுக்கிவிட்டு, கிழிந்த ஸீட்டில் ஒரு பலகையைப் போட்டு ஏறி, ஒழுங்கைக்குள்ளேயே மேலும் கீழுமாக ஓட்டினாள். கார் வெடிக்கவில்லை. இறங்கிப் பார்த்தாள். கோடு முறிந்து, ஒரு துண்டு ஓரிடத்திலும் மற்றது வேறோரிடத்திலும் நின்றது. வளையம் இன்னும் வழுக்கிக்கொண்டுதான் இருந்தது.

அழுக்கைத் துடைத்திராவிட்டால் இதைக் கண்டிருக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல அவள் தயாராக இல்லை. "துடைச்சது அவங்கள்தான். கிழிச்சதும் அவங்கள்தான்" என்றாள் ஸவாஹிரிடம்.

அவர் எங்கோ ஒரு செத்த காரிலிருந்து நல்ல சக்கரம் ஒன்றைக் கழற்றி எடுத்துக் கொடுத்தார். அதைப் பூட்டி, உச்சியைப் பார்த்து, பொறியை வைத்தாள். கார் வாங்கிய முதல் மாதம் மாதிரி ஓடத் தொடங்கியது.

சிவபாதசுந்தரம் படியடியில் நின்று சிரித்தார். "பாத்தீரே பிள்ளை, இப்ப சத்தமில்லை. இனி ஒரு பிரச்சினையும் வராது."

"சத்தம் நிண்டாப் பிறகுதான் எனக்கு ரோட்டில போற உரிமையோ, அண்ணை?" என்றாள் அவள்.

விளக்குக்காகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். நாளை வரச் சொன்னார்கள். போனாள். பெரியவர் இல்லை என்றார்கள். மறுபடி போனாள். மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிற காரையே கொண்டுபோய் நிலையத்துக்கு முன்னால் நிறுத்தி, "இந்த இடத்தில் பின்னால் எடுத்துப் பழகுவோம்" என்று சொல்லி, வாசலை மறித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக ஓட வைத்தாள். கடைசியில் ஒரு சார்ஜன்ட் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி உடைந்திருந்தது. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று சிங்களத்தில் எழுதிய தாளை நீட்டினார். அவள் வாசித்தாள். 'நல்ல நிலையில்' என்பதை வெட்டி, மேலே 'உடைத்த நிலையில்' என்று அதே சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"உடைந்த நிலையில் என்று எழுதுங்கள், மிஸ்" என்றார் சார்ஜன்ட்.

"அது தானா உடையாது" என்றாள்.

ஸவாஹிர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். கார் பிறகு நெடுங்காலம் ஓடியது. ஆனால் சாவடியில் அதை மறிப்பது நிற்கவில்லை. சிவப்புக் கார், தமிழ்ப் பெண். "பொனட்டைத் திறங்கள்" என்பார்கள். அவள் திறப்பாள். திறந்துவிட்டு இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவாள். "இது டிஸ்ட்ரிபியூட்டர். இது கார்புரேட்டர், இரண்டு இருக்கு. இது தண்ணிப் பம்ப். வடிவாகப் பாருங்கள், தம்பி. குனிந்து பாருங்கள்." பின்னால் காலி வீதி முழுக்க ஹோர்ன் அடிக்கும். பஸ் கொண்டக்டர்கள் இறங்கி வந்து கத்துவார்கள். சிப்பாய், "சரி மிஸ், போங்கள்" என்பான்.

"ஏன் போக? இன்னும் முடியவில்லை. கீழே ஒரு சக்கரம் இருக்கு. அதைப் பார்க்காமல் எப்படி விடுவீங்கள்?"

கொஞ்சக் காலத்தில் சிவப்புக் காரைத் தூரத்தில் கண்டதுமே கையைக் காட்டிப் போகச் சொல்லத் தொடங்கினார்கள். அவள் போகமாட்டாள். மணல் மூட்டைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பொனட்டின் பிடியை இழுத்துவிட்டு, அவர்கள் வரும்வரை காத்திருப்பாள்.